நூ மெட்டல்: 'நவ உலோக இசை' என்று எழுதாதீர்கள்

'நவ உலோக இசை' என்ற தொடரை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நூ மெட்டல் என்பது மெட்டல் எனப்படும் உரத்த கிதார் இசையோடு ஹிப்-ஹாப் முதலியவற்றைக் கலக்கும் வகை. அதன் குழுக்களான லிங்கின் பார்க், கார்ன், ஸ்லிப்நாட் பற்றித் தமிழில் எது வந்தாலும் முதல் பத்தியிலேயே இது வந்து உட்கார்ந்துவிடுகிறது. கொஞ்சம் எளிமை வேண்டும் என்பவர்கள் 'புதிய உலோக இசை' என்கிறார்கள். இரண்டுமே தவறு. ஆங்கிலப் பெயரில் உள்ள சொற்களைத் தனித்தனியே அகராதியில் பார்த்திருக்கிறார்கள். பாட்டைக் கேட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

பெயர் வந்த கதையை முதலில் முடித்துவிடலாம். 'ஹெவி மெட்டல்' என்பது வேதியியலில் பழைய தொடர். எழுத்தாளர் வில்லியம் பரோஸ் 1960களின் தொடக்கத்தில் தன் நாவல்களில் ஒரு பாத்திரத்தின் பெயரோடு அதைச் சேர்த்தார். 1968-இல் ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் 'பார்ன் டு பி வைல்ட்' பாட்டில் அது மோட்டார் சைக்கிளின் முழக்கத்தைச் சொல்ல வந்தது. 1970களில் பிளாக் சபாத் போன்ற குழுக்களின் இசைக்கே பெயராகி, பிறகு 'மெட்டல்' என்று சுருங்கியது. 1990களில் 'நூ' சேர்ந்தது. ஆங்கிலத்தில் 'நியூ' என்ற மூன்றெழுத்துச் சொல்லை வேண்டுமென்றே இரண்டெழுத்தாகப் பிழைபட எழுதியது அது. சிலர் மேலே இரண்டு புள்ளியும் வைப்பார்கள்.

இப்போது உலோகத்துக்கு வருவோம். தமிழில் இசைக்கருவிகளை வகைப்படுத்த ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது: தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி. கஞ்சம் என்றால் வெண்கலம். தாளம், ஜால்ரா, சேகண்டி எல்லாம் இந்த வகை. ஆகவே 'உலோக இசை' என்றதும் தமிழ்க் காதுக்கு முதலில் வருவது பஜனை மடத்து ஜால்ராவும் கோயில் சேகண்டியும்தான். கிதாருக்கு உருக்குத் தந்திதானே என்று ஒருவர் வாதிடலாம். வீணைக்கும் உலோகத் தந்திதான். வீணைக் கச்சேரியை யாரும் உலோக இசை என்று சொல்வதில்லையே. ஹெவி மெட்டலைக் 'கன உலோக இசை' என்பது இன்னும் மோசம். கன உலோகம் என்றால் ஈயம், பாதரசம், காட்மியம். ஆற்றில் கலக்கும் ஆலைக் கழிவைப் பற்றிய செய்தியில் இருக்க வேண்டிய சொல் அது.

"ஆங்கிலத்திலும் மெட்டல் என்றால் உலோகம்தானே, அங்கே சரியென்றால் இங்கே ஏன் கூடாது?" என்று கேட்பார்கள். அங்கே இசை முதலில் வந்தது, பெயர் பிறகு ஒட்டியது. இன்று மெட்டல் என்று கேட்கும் ஆங்கிலக்காரருக்கு இரும்பு ஞாபகம் வருவதில்லை, அந்த இசைதான் ஞாபகம் வருகிறது. நாம் அந்த ஒட்டுதலை விட்டுவிட்டு அகராதிப் பொருளை மட்டும் எடுத்து வருகிறோம். இந்த முறையில் போனால் ஹவுஸ் என்ற நடன இசை 'வீட்டிசை' ஆகிவிடும். அந்தப் பெயர் சிகாகோவில் இருந்த வேர்ஹவுஸ் என்ற நடன விடுதியிலிருந்து வந்தது, யார் வீட்டிலிருந்தும் அல்ல. ராக் 'பாறை இசை' ஆகும். அந்த ராக்குக்கும் கல்லுக்கும் சம்பந்தமே இல்லை, அது ஆடுவதையும் அசைவதையும் குறித்த சொல்.

உலோகத்தோடு இந்த இசைக்கு ஓர் உண்மையான தொடர்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிளாக் சபாத்தின் கிதார் கலைஞர் டோனி அயோமி இளைஞராக இருந்தபோது பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே எந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர். தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். விரலுக்கு உறை செய்து போட்டுக்கொண்டார். பின்னர் தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971-இல் வந்த பிளாக் சபாத் தொகுப்பில் (ஆல்பத்தில்) சில பாட்டுகளில் மூன்று அரைச்சுரம் இறங்கியிருக்கும். இந்த இறக்கம்தான் நூ மெட்டலுக்கு வழிவிட்டது.

கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த கார்ன் குழு 1994 அக்டோபரில் வெளியிட்ட முதல் தொகுப்பைக் கேளுங்கள். முதல் பாட்டு 'பிளைண்ட்'. சிம்பலில் மெல்லத் தட்டித் தொடங்கும், கிதார்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும், தயாரா என்று ஒரு கேள்வி, அப்புறம் எல்லாம் ஒன்றாக இடிந்து விழும். அந்தக் கிதார்களுக்கு வழக்கமான ஆறு தந்தி இல்லை, ஏழு. அந்த ஏழையும் வழக்கத்தைவிட ஒரு முழுச்சுரம் இறக்கியிருக்கிறார்கள். பேஸ் கிதாரோ சுரமாகக் கேட்பதைவிட 'டக் டக்' என்று தட்டலாகத்தான் கேட்கிறது. அதற்கு முந்தைய மெட்டலில் பெருமைக்குரிய அம்சமாக இருந்த வேகமான கிதார் தனி ஆவர்த்தனம் இங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அடியும் ஹிப்-ஹாப்பின் அடி. இதே தொகுப்பின் 'ஷூட்ஸ் அண்ட் லேடர்ஸ்' பாட்டில் பாடகர் ஜோனதன் டேவிஸ் பேக்பைப் ஊதுகிறார், குழந்தைப் பாட்டுகளை மிரட்டும் குரலில் பாடுகிறார். 1998-இன் 'ஃப்ரீக் ஆன் எ லீஷ்' நடுவில் பொருளே இல்லாத ஒலிகளை ஜதி சொல்வது போல அடுக்குகிறார். இவற்றில் எந்த இடத்தில் 'உலோகம்' என்ற சொல் கேட்பவருக்கு உதவுகிறது? உலோகம் உண்மையில் அடிபடுவது ஸ்லிப்நாட்டில்தான். அயோவா மாநிலத்து டிமொய்னிலிருந்து வந்த ஒன்பது பேர் குழு அது. அதில் டிரம்ஸ்காரர் போக மேலும் இருவர் தாளத்துக்கு, பீர்ப் பீப்பாயை எல்லாம் அடிப்பார்கள். ஒரு குழுவின் பீப்பாயை வைத்து ஒரு வகைக்கே பெயர் வைக்க முடியாது.

அடுத்து 'நவ', 'புதிய'. கார்னின் முதல் தொகுப்பு வந்து முப்பது வருடம் தாண்டியாயிற்று. 'புதிய உலோக இசை' என்றால் போன மாதம் வந்த தொகுப்பு என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'நவ' என்றால் ஒன்பது என்றும் பொருள். அதைவிட எனக்கு உறுத்துவது சொல்லின் தோரணை. 'நூ' தெருச்சுவர் எழுத்து. இந்தக் குழுக்கள் பெயரைப் பிழையாக எழுதுவதையே ஓர் அடையாளமாக வைத்திருந்தார்கள். கார்ன் தன் பெயரில் ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டது. லிம்ப் பிஸ்கிட் பிஸ்கட்டைக் கண்டபடி எழுதியது. சாண்டா மோனிகாவில் இருந்த லிங்கன் பார்க் 'லிங்கின் பார்க்' ஆனது. அந்தக் கிறுக்கலுக்கு 'நவ' என்று வடமொழிப் பட்டு கட்டுகிறோம். இதைத் தமிழாக்கம் என்று வேறு சொல்கிறார்கள்! 'நவ' வடசொல், 'உலோக' வடசொல், மூன்றில் 'இசை' ஒன்றுதான் தமிழ். தூய்மையும் கிடைக்கவில்லை, தெளிவும் கிடைக்கவில்லை.

சரி, வேறு என்ன சொல்லலாம்? மெட்டலுக்கு 'வல்லிசை' என்பதே என் பரிந்துரை. தொல்காப்பியம் செய்யுளின் ஓசை வகைகளாக இருபது வண்ணங்களைச் சொல்கிறது. அதில் வல்லிசை வண்ணமும் மெல்லிசை வண்ணமும் அடுத்தடுத்து நிற்கின்றன. வல்லெழுத்து மிகுந்து வருவது வல்லிசை. மெல்லிசையைச் சினிமா, வானொலி, கச்சேரி என்று எல்லா இடத்திலும் கொண்டாடிவிட்டோம். அதன் இணையை மட்டும் இலக்கணப் புத்தகத்திலேயே விட்டுவிட்டோம். ஒரு மறுப்பு வரும்: தமிழிசையில் கீழ், நடு, மேல் சுருதிகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தானங்கள் உண்டு, மெட்டல் கிதார் கீழே மெலிவில் கிடக்கும்போது வல்லிசை என்றால் முரணாகாதா என்று. ஆகாது. வல்லிசை வண்ணத்தின் வன்மை எழுத்து மோதுகிற மோதலில் இருக்கிறது, சுருதியின் உயரத்தில் இல்லை. மெல்லிசைப் பாட்டும் மெலிவுத் தானத்திலேயே பாடப்படுவதில்லை.

நூ மெட்டலுக்கு என்ன செய்வது? ராப்புக்குச் 'சொல்லிசை' என்ற நல்ல சொல் நம்மிடமும் மலேசியத் தமிழரிடமும் புழங்குகிறது. காதில் கேட்பதையே அது சொல்கிறது, அதனால் நின்றது. அதை வைத்துச் 'சொல்வல்லிசை' என்று ஆக்க ஆசையாகத்தான் இருக்கிறது. 1991-இல் மெட்டல் குழு ஆந்த்ராக்ஸும் ராப் குழு பப்ளிக் எனிமியும் சேர்ந்து செய்த 'பிரிங் த நாய்ஸ்', 1992-இன் 'கில்லிங் இன் த நேம்' போன்ற முன்னோடிகளுக்கு அது கச்சிதம். லிங்கின் பார்க்கின் 'இன் தி எண்ட்' பாட்டுக்கும் பொருந்தும்: பியானோ, மைக் ஷினோடாவின் சொல்லிசை, செஸ்டர் பென்னிங்டனின் பாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் 2001-இல் சிஸ்டம் ஆஃப் எ டவுன் வெளியிட்ட 'சாப் சூயி'யில் இடறுகிறது. அதில் ராப் இல்லை, இசைத்தட்டைத் தேய்க்கும் டிஜேயும் இல்லை. ஆர்மீனிய வம்சாவளி இளைஞர்களின் இழுவையான மெட்டு இருக்கிறது. டெஃப்டோன்ஸின் 'மை ஓன் சம்மர்' பாட்டிலோ முணுமுணுப்பும் அலறலும்தான். இவர்களைப் பிடித்து ஒரே பெயருக்குள் வைத்தது ராப் மட்டுமல்ல. ஹிப்-ஹாப், ஃபங்க், பேக்பைப், ஊர்ப்பாட்டு என்று எதையும் இறங்கிய சுருதிக் கிதாரோடு கலக்கும் துணிச்சல்தான். லிங்கின் பார்க்கின் முதல் தொகுப்பு, 2000-இல் வந்த 'ஹைப்ரிட் தியரி', தலைப்பிலேயே கலப்பு என்றுதான் சொல்கிறது.

அதனால் நான் 'கலப்பு வல்லிசை' என்று எழுதுகிறேன். ஆனால் அது விளக்கம்தான். பெயர் 'நூ மெட்டல்' என்றே இருக்கட்டும், கஜலையும் கவாலியையும் ஜாஸையும் பெயர் மாற்றாமல் வைத்துக்கொண்டது போல. கட்டுரையில் முதல் முறை 'நூ மெட்டல் என்னும் கலப்பு வல்லிசை', அதற்கப்புறம் வெறும் 'நூ மெட்டல்'. 'நியூ மெட்டல்' என்று திருத்தி எழுதவும் கூடாது. பெயரை வைத்தவர்கள் விரும்பிச் செய்த பிழையை நாம் திருத்தத் தேவையில்லை.