லைசென்ஸ் இருந்தால் எல்லாம் முடிந்துவிட்டதா?

சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் கைமாறுகிறது என்று செய்தி வந்தால், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பவர்களுக்கு வீட்டைப் பற்றிய கவலை பிடித்துக்கொள்கிறது. நியாயமான கவலைதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன எழும்பப்போகிறது என்று அநேகமாக யாரும் விசாரிப்பதில்லை. புகையும் நாற்றமும் வந்த பிறகே வழக்கறிஞரான என்னைத் தேடி வருகிறார்கள். அதற்குள் கொட்டகை எழும்பி, இயந்திரமும் ஓடத் தொடங்கியிருக்கும்.

இதை மக்களின் அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தாலும் நிலம் நிறுவனத்தின் பெயரில்தானே இருக்கிறது? கடிதம் நிறுவனத்துக்குப் போகும், லயத்துக்கு வராது. சட்டத்தில் உள்ள இந்த ஓட்டை எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது.

ஆகவே தோட்ட மக்கள் கவனம் வைக்க வேண்டியது பக்கத்தில் எழும்பும் ஆலையின் தொழில் உரிமத்தின் மீது. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107ஆவது பிரிவு, தான் கொடுத்த உரிமத்தை எந்த நேரத்திலும் காரணம் கூறாமலேயே ரத்து செய்யும் அதிகாரத்தை நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றத்துக்கு அளிக்கிறது. உரிமம் பறிபோனவர் நட்டஈடு கேட்க முடியாது. ஓர் உரிமம் 3 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. நடைமுறையில் பெரும்பாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். புதுப்பிக்கும் காலத்துக்கு முன்பே ஆதாரத்தோடு புகார்க் கடிதம் போய்ச் சேர்ந்தால் அதற்கு எடை அதிகம். கையெழுத்து விழுந்த பிறகு போகும் கடிதம் கோப்பில் தூங்கிவிடக்கூடும்.

ஒரு தோட்டத்து அம்மா, கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டியை என் மேசையில் விரித்துக் காட்டினார். விரலால் தேய்த்தால் கரி ஒட்டியது. "தம்பி, அவர்களிடம் லைசென்ஸ் இருக்கிறதாம். இனி நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார்.

"அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா, அம்மா?"

உரிமத்தைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்பதும் அதே 107ஆவது பிரிவில் இருக்கிறது. மறுநாள் அவருடைய மகன் படம் எடுத்து அனுப்பினார். நாள்காட்டிக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த அந்தத் தாளில், பழைய பிளாஸ்டிக்கைச் சேமித்துவைக்கும் கிடங்கு என்று மட்டுமே இருந்தது. உருக்குவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒரு வரியை வைத்தே புகார் எழுதினோம். அதிகாரிகள் இரவில் சோதனைக்கு வந்தார்கள். உருக்கும் இயந்திரத்துக்குச் சீல் வைத்தார்கள்.

இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஜெஞ்சாரோமில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2018இன் தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குத் தடை போட்டதும், அந்தக் குப்பை நம் பக்கம் திரும்பியது. அனுமதியில்லாத ஆலைகள் முளைத்தன. விவசாய நிலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. குடியிருப்பாளர்கள் விடாமல் புகார் செய்ததால்தான் அதே ஆண்டில் பல ஆலைகள் மூடப்பட்டன.

எந்தக் குற்றத்தை எந்த அலுவலகத்திடம் சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உரிம நிபந்தனை மீறல் என்றால் நகராண்மைக் கழகம். விவசாய நிலத்தில் ஆலை என்றால் நில அலுவலகம். புகை, கழிவுநீர் என்றால் சுற்றுச்சூழல் துறை. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் உச்ச அபராதம் 2024 திருத்தத்துக்குப் பிறகு 1 கோடி ரிங்கிட்வரை உயர்ந்திருக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலைக்கு அந்தத் துறையின் தனி உரிமமும் வேண்டும். நகராண்மைக் கழகத்தின் தாள் மட்டும் போதாது.

கால்வாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்து என்னிடம் கொண்டுவருகிறார்கள். அந்தப் போத்தலை வைத்து வழக்கு நிற்காது. அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரியும் வேதியியல் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். எனவே கழிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியில் அழையுங்கள். தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

உரிமத்தின் நிபந்தனைகளைக் காட்ட மறுத்தால், சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். கடிதத்தை முகப்பில் கொடுக்கும்போது, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் போடச் சொல்லுங்கள்.