ஆஸ்பத்திரியில் ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) எத்தனை மணிக்குத் திறக்கணும்? அதை யார் முடிவு பண்றது?

நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் மருத்துவ வேலை பார்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் இது: "ஆதிவாசிங்க ஆஸ்பத்திரிக்கே வர மாட்டேங்கறாங்க சார், விழிப்புணர்வு பத்தாது." இங்கே பணிபுரியும் மருத்துவனாகச் சொல்கிறேன், இதில் பாதிதான் உண்மை. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஓ.பி. வைத்தால், அந்த நேரத்தில் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பவர் எப்படி வருவார்? ஒருநாள் கூலி போச்சு. ஜீப்புக்குக் காசு கொடுக்கணும். திரும்பும்போது இருட்டிவிட்டால் வழியில் யானை நிற்கும். விழிப்புணர்வு வேண்டியது நேரம் குறித்தவர்களுக்குத்தான்.

இதற்கு இதே மண்ணில் ஒரு விடை கிடைத்துப் பல காலம் ஆகிறது. 1980-களின் பிற்பகுதியில் நில உரிமைக்காகத் திரண்ட பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் எல்லாரும் சேர்ந்து கட்டியது ஆதிவாசி முன்னேற்றச் சங்கம். அந்தப் போராட்டத்தோடு சேர்ந்தே சுகாதாரப் பணியும் வளர்ந்தது. 1990-ல் அஸ்வினி என்ற அமைப்பு உருவானது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை அதன் கீழ் நடக்கிறது. டாக்டர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். நர்ஸ்களும் ஊர்ப் பணியாளர்களும் ஊர்களிலிருந்தே வந்து பயிற்சி எடுத்தார்கள். மருத்துவக் காப்பீடு என்ற பேச்சே பரவலாக இல்லாத 1992-லேயே, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சங்க உறுப்பினர்களுக்குக் காப்பீடும் தொடங்கிவிட்டார்கள்.

ஆதிவாசிப் பெண் நர்ஸாக இருப்பது ஒன்று. நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து கணக்குக் கேட்பது வேறு. பல இடங்களில் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் டாக்டர்கள் நாங்கள் புது ஸ்கேன் மெஷினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "பேத்தி பிரசவத்துக்கு வந்தப்போ கூட ஒருத்தர்தான் இருக்கலாம்னு சொல்லிட்டீங்க. நாங்க பத்துப் பேரு வந்தோம். மழையில எங்க நிக்கிறது, எங்க சோறாக்குறது?" என்றார். மெஷின் ஒத்திப்போனது. வார்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையும் இரண்டு அடுப்பும் முதலில் வந்தன. எங்கள் திட்ட அறிக்கை எதிலும் அடுப்பு இருந்ததில்லை.

சங்கம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. சொந்த நிலமும் படிப்பும் கொஞ்சம் கூடுதலாக உள்ள முள்ளுக்குறும்பர் கூட்டத்தில் தைரியமாகப் பேசுவார். தலைமுறைகளாகப் பண்ணையடிமையாக வைக்கப்பட்டிருந்த பணியர் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருப்பார். 'ஒரு பழங்குடிப் பிரதிநிதி' என்று ஒரே நாற்காலி போட்டால், அதில் யார் உட்காருவார் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான்.

இப்போது இது இன்னும் அவசரமாகியிருப்பது சிக்கிள் செல் நோயால். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் ரத்த நோய் இது. இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அப்பா, அம்மா இருவருமே தாங்கிகள் (தங்களுக்கு நோய் இல்லாமல் நோய்க்கூறை மட்டும் உடலில் சுமப்பவர்கள்) என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. 2047-க்குள் நோயை ஒழிக்கும் இலக்கோடு 2023-ல் தேசிய இயக்கம் தொடங்கி, பெரிய அளவில் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. நல்லது. ஆனால் 'தாங்கி' என்று வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கும்? அது வெளியே கசிந்தால் கல்யாணப் பேச்சு நிற்கும், பெண்ணின் மீது பழி விழும். யார் அதைப் பார்க்கலாம், குடும்பத்திடம் எந்த மொழியில், யார் எடுத்துச் சொல்வது என்பதையெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்து முடிவு செய்யணும்.

நோய் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: தண்ணீர் நிறையக் குடியுங்கள். மழையிலும் குளிரிலும் நனைந்தபடி வேலை செய்யாதீர்கள். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சேரங்கோடு, நெல்லாக்கோட்டை, ஸ்ரீமதுரை போன்ற ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. தேசிய நலவாழ்வு இயக்கத்தின்கீழ் கிராம சுகாதாரக் குழு என்று ஒன்று உண்டு. ஊர்த் தேவைக்குச் செலவழிக்க ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை அதற்கென ஒதுக்கீடும் உண்டு. அடுத்த கிராம சபையில் அந்தக் குழுவின் உறுப்பினர் பெயர்களையும் செலவுக் கணக்கையும் எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் பாடியிலிருந்து (ஆதிவாசிக் குடியிருப்பிலிருந்து) யார் பெயரும் இல்லை என்றால், அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள்.