வகைப்படுத்திகள் வாக்களிக்கும்போது

ஒரு மின்னஞ்சல் குப்பையா இல்லையா என்று சொல்லும் மூன்று கணினி நிரல்கள், அதாவது வகைப்படுத்திகள், நம்மிடம் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் நூற்றுக்கு எழுபது முறை சரியாகச் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு எதைச் சொல்கின்றனவோ அதையே முடிவாகக் கொண்டால், துல்லியம் 78.4 சதவீதமாக உயர்கிறது. மூன்றும் சரியாக இருப்பதற்கான நிகழ்தகவு 0.343, இரண்டு மட்டும் சரியாக இருப்பதற்கான நிகழ்தகவு 0.441, கூட்டினால் 0.784. நடுவர் குழுக்களின் தீர்ப்பைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785-இல் போட்ட கணக்கின் சாரமும் இதுவே. ஒவ்வொன்றும் நாற்பது சதவீதமே சரி என்றால், அதே கணக்கு கூட்டு முடிவின் துல்லியத்தை 35.2 சதவீதமாகக் குறைத்துவிடும்.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஒன்றின் தவறுக்கும் மற்றொன்றின் தவறுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஒரே தரவில், ஒரே முறையில் பயின்ற மூன்று வகைப்படுத்திகள் பெரும்பாலும் ஒரே மின்னஞ்சலில்தான் சறுக்கும். அப்போது நாம் எண்ணுவது ஒரே வாக்கை மூன்று தடவை. ஆகவே வாக்குகளை எண்ணுவதைவிட, வாக்காளர்களை வேறுபடுத்துவதே கடினமான வேலை. புள்ளியியலாளர் லியோ பிரைமன் 2001-இல் விவரித்த ரேண்டம் ஃபாரஸ்ட் முறை இதை வேண்டுமென்றே செய்கிறது. கேள்விமேல் கேள்வியாகக் கிளைத்து முடிவுக்கு வரும் தீர்மான மரங்கள் பல சேர்ந்து வாக்களிக்கும் காடு அது. தரவிலிருந்து எடுத்ததைத் திரும்பப் போட்டு மறுபடி எடுக்கும் குலுக்கலால் ஒவ்வொரு தீர்மான மரத்துக்கும் ஏறத்தாழ 63 சதவீதத் தரவே கண்ணில் படுகிறது. அதோடு, ஒவ்வொரு கிளைப்பிலும் தரவின் பண்புகளில் தற்செயலாகத் தேர்ந்த சிலவற்றை மட்டுமே அந்த மரம் பார்க்க முடியும். இதனால் தனி மரம் சற்றுப் பலவீனமாகலாம். ஆனால் காடு வலுப்பெறுகிறது.

தலைகளை எண்ணுவது மட்டுமே வழியன்று. ஒரு மின்னஞ்சல் குப்பை என்பதற்கு மூன்று வகைப்படுத்திகள் 0.51, 0.55, 0.05 என்று நிகழ்தகவு தந்தால், பெரும்பான்மை அதைக் குப்பை என்றே தீர்க்கும், சராசரியோ 0.37 என்பதால் எதிர்மாறாகச் சொல்லும். அரைமனத்தோடு சொன்ன இரண்டு வாக்குகளை உறுதியான ஒன்று வென்றுவிடுகிறது. இது நியாயமாகவே படுகிறது, அந்த 0.05 நம்பத்தக்கதாக இருக்கும்வரை. தன் திறமைக்கு மீறிய உறுதியோடு எண்களைத் தரும் வகைப்படுத்தி ஒன்று இருந்தாலே சராசரி கெட்டுவிடும் என்பதால், அந்த எண்கள் உண்மையில் சரியாகும் அளவோடு ஒத்துப்போகும்படி முதலில் சீர்செய்துகொள்வது நல்லது.

திறமைக்கேற்ப வாக்குக்கு எடை தருவதும் உண்டு. தவறுகள் ஒன்றையொன்று சாராதவையாகவும், குப்பை, குப்பையல்லாதது என்ற இரு வகைகளும் சம அளவில் வருபவையாகவும் இருந்தால், சரியாவதற்கும் தவறுவதற்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையே (natural logarithm) உகந்த எடை. 90 சதவீதம் சரியான வகைப்படுத்திக்கு இது சுமார் 2.20, 60 சதவீதம் சரியானதற்கு 0.41-க்கும் சற்றுக் குறைவு. பின்னதில் ஐந்து ஒன்றுசேர்ந்து எதிர்த்தாலும் 2.03-தான் தேறும், ஆறாவது வந்தால்தான் முடிவு மாறும். இந்த எடைகளைப் பயிற்சித் தரவிலேயே கணக்கிட்டால், அந்தத் தரவை மனப்பாடம் செய்த வகைப்படுத்திக்கே அதிக எடை போய்ச் சேரும். அதற்கென்று தனியே ஒதுக்கிய தரவில்தான் அளக்க வேண்டும்.