சபை வளாகத்தில் வாக்குக் கேட்கலாமா? மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கான தேர்தல் சட்ட விளக்கம்

சட்டமன்றத் தேர்தலோ மக்களவைத் தேர்தலோ அறிவிக்கப்பட்டால், தாராவி, சயான் கோலிவாடா, மலாடு பகுதிகளிலுள்ள தமிழ்ச் சபைகளை வேட்பாளர்கள் தேடி வருவது வழக்கம். வந்தவருக்காக ஆயர் ஜெபிக்கலாமா, அவருடைய துண்டறிக்கையைப் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் போடலாமா, ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு நேரத்தில் அவருக்கு மைக் கொடுக்கலாமா என்ற கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லப்படுகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(3)ஆம் பிரிவில், மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பேரில் ஒருவருக்கு வாக்களிக்கும்படியோ வாக்களிக்க வேண்டாம் என்றோ கேட்பதையும், வாக்குக்காக மதச் சின்னங்களைப் பயன்படுத்துவதையும் ஊழல் நடவடிக்கை என்கிறது. வேட்பாளரோ அவருடைய முகவரோ கேட்டாலும், அவருடைய அல்லது அவருடைய தேர்தல் முகவரின் சம்மதத்துடன் வேறொருவர் கேட்டாலும் இது பொருந்தும். இந்தப் பட்டியலில் மொழியும் இருப்பதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. "நம்ம தமிழ் ஆளு, அதுவும் நம்ம சபைக்காரர், அவருக்கே போடுங்க" என்று வேட்பாளர் தரப்பு பேசினால், ஒரே வாக்கியத்தில் இரண்டு மீறல்கள் நேர்ந்துவிடுகின்றன.

இந்தப் பிரிவு குறித்த இரண்டு முக்கியத் தீர்ப்புகள் மும்பைப் புறநகர்த் தொகுதிகளிலிருந்தே பிறந்தவை. 1987இல் நடந்த விலே பார்லே இடைத்தேர்தலில் ரமேஷ் பிரபு பெற்ற வெற்றி, இந்து என்ற அடிப்படையில் வாக்குக் கேட்டதற்காக ரத்து செய்யப்பட்டது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1990 சட்டமன்றத் தேர்தலில் சாந்தாகுரூஸ் தொகுதி தொடர்பாக எழுந்த அபிராம் சிங் வழக்கில், 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில், சட்டத்தில் உள்ள 'அவருடைய மதம்' என்பது வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே கிறிஸ்தவர் அல்லாத வேட்பாளர் ஒருவர், "நீங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்காகவே எனக்கு வாக்களியுங்கள்" என்று கேட்பதும் இப்போது குற்றச்சாட்டுக்கு உரியதே.

சிறுபான்மையினருக்கு இதில் விலக்கு ஏதும் இல்லை. கேரளத்தின் மூவாற்றுப்புழை மக்களவைத் தொகுதியில் 2004இல் வென்ற பி.சி. தாமஸ், கத்தோலிக்க வாக்குகளுக்காகப் போப் இரண்டாம் ஜான் பால், அன்னை தெரசா ஆகியோரின் படங்களைப் பயன்படுத்தியதற்காகத் தம் வெற்றியை இழந்தார். 2006இல் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை 2009இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. இடையில் அந்த மக்களவையின் காலமே முடிந்துவிட்டது என்பது வேறு கதை.

இதைவிட நுட்பமானது 123(2)ஆம் பிரிவு. ஒருவருக்கு வாக்களிப்பதாலோ வாக்களிக்காததாலோ தெய்வ கோபத்துக்கோ சமயக் கண்டனத்துக்கோ ஆளாக நேரும் என்று வாக்காளரை நம்பவைப்பது, அவருடைய சுதந்திரத்தில் தலையிடும் தகாத செல்வாக்கு என்று கருதப்படும். "கர்த்தர் இவரைத்தான் எனக்குக் காண்பித்தார், மாற்றிப் போட்டால் குடும்பத்துக்கு ஆசீர்வாதம் நின்றுவிடும்" என்று தீர்க்கதரிசனமாகச் சொல்வதும், திருவிருந்து கிடையாது என்று எச்சரிப்பதும் இந்த வகையைச் சேரும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின்படியும் இது தண்டனைக்குரிய குற்றம். ஒரு மதத் தலைவர் வேட்பாளரின் தகுதியைப் பற்றித் தம் கருத்தைச் சொல்லலாம், ஆனால் மீறினால் பாவம் என்னும்படி கட்டளையிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1959இலேயே வரம்பு வகுத்திருக்கிறது.

வேட்பாளருக்கு எதுவும் தெரியாது, ஆயர் தாமாகவே செய்தார் என்றால் என்ன? வேட்பாளர் தப்பலாம், சபை தப்பாது. மத நிறுவனங்கள் (தவறாகப் பயன்படுத்துவதைத் தடுத்தல்) சட்டம், 1988, வழிபாட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. ஐக்கியக் கூட்டம் நடக்கும் மண்டபமும், கார் நிறுத்தும் வளாகமும் இதில் அடங்கும். காணிக்கைப் பணத்தைக் கட்சிக்குக் கொடுப்பதும், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையைப் பிரசார மேடையாக்குவதும் அப்படியே. நிர்வாகிக்கும் மீறலோடு தொடர்புடையவர்களுக்கும் 5 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கூரையை மாற்றித் தருகிறேன் என்று வேட்பாளர் தரும் நன்கொடை, வாக்குக்கான பேரமாக அமைந்தால், அது லஞ்சம் என்னும் தனிக் குற்றமாகிவிடும்.

வேட்பாளர் மற்றவர்களைப் போலப் பின்வரிசையில் அமர்ந்து ஆராதித்துவிட்டுப் போவதற்குத் தடை இல்லை. ஆட்சியில் இருப்பவர்களுக்காகவும் தேர்தல் அமைதியாக நடக்கவும் ஜெபிப்பதற்கும், கட்டாயம் வாக்களியுங்கள் என்று பொதுவாக அறிவிப்பதற்கும் தடை இல்லை. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்ற கோரிக்கையில் உங்கள் நிலை என்ன என்று வேட்பாளரைக் கேட்பது கொள்கை பற்றிய கேள்வி, மத அடையாளத்தின் பேரில் வாக்குக் கேட்பது அல்ல. ஆனால் அந்தக் கூட்டத்தைச் சபைக்குச் சொந்தமில்லாத வாடகை மண்டபத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. என்னைக் கேட்டால், அறிவிப்பு நேரத்தில் மைக் யாரிடம் போகும் என்பதைச் சபைக் கமிட்டி முன்கூட்டியே எழுத்தில் முடிவுசெய்துவிட வேண்டும். பெரிய மனிதர் ஒருவர் நேரில் வந்து நின்ற பிறகு மறுக்க யாருக்கும் வாய் வராது.

வழிபாட்டு இடங்களில் பிரசாரம் செய்யக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிமுறையும் கூறுவதால், மீறலைக் கண்டவர் தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் படமோ காணொளியோ எடுத்து அனுப்பலாம், அல்லது 1950 என்ற தேர்தல் உதவி எண்ணை அழைக்கலாம். வெற்றியையே ரத்து செய்யக் கோரினால், அந்தத் தொகுதியின் வாக்காளரோ வேட்பாளரோ முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். மனுவோடு 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும். ஊழல் நடவடிக்கையைக் குற்றச்சாட்டாகச் சொல்வதால் தனிப் பிரமாணப் பத்திரமும் இணைக்க வேண்டும். நீதிமன்றம் ஏறக்குறையக் குற்ற வழக்குக்குரிய கண்டிப்போடு சாட்சியத்தை எடைபோடும் என்பதால், யார், எந்த நாளில், எந்த இடத்தில், என்ன சொன்னார், வேட்பாளர் அதற்குச் சம்மதித்தது எப்படித் தெரியும் என்ற விவரங்கள் மனுவிலேயே இருந்தாக வேண்டும். கைப்பேசிப் பதிவு வைத்திருப்பவர் அதை அழிக்காமல், வெட்டி ஒட்டாமல், பதிவான கருவியோடு பத்திரப்படுத்த வேண்டும்.