மீல் மேக்கர் சாப்பிட்டும் எடை ஏன் குறையவில்லை?

"மேடம், நீங்க சொன்ன மாதிரி தினமும் மீல் மேக்கர் சாப்பிடுறேன். ஒரு கிலோகூட இறங்கலை" என்றார் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்த ஒருவர். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். நாற்பதைத் தாண்டிய வயது, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, சுத்த சைவம். கையில் மதியச் சாப்பாட்டு கேரியர் இருந்தது. திறக்கச் சொன்னேன். கீழடுக்கில் சாம்பார் சாதம், நடுவில் தயிர் சாதம், மேலே உருளைக்கிழங்கோடு புரட்டிய மீல் மேக்கர், அதாவது சோயா உருண்டை, ஏழெட்டு. சோயா வந்துவிட்டது, சரி. ஆனால் சோற்றில் ஒரு பருக்கைகூடக் குறையவில்லையே!

இரண்டடுக்குச் சாதத்திலும் உருளைக்கிழங்கிலும் சேர்த்து அந்த ஒரு வேளைக்கே சுமார் 100 கிராம் மாவுச்சத்து. ஒரு நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குள் நிறுத்தினால்தான் பொதுவாகக் 'குறைந்த மாவுச்சத்து உணவு' என்கிறோம். சோயாவை எவ்வளவு சேர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சோறு இருந்த இடத்துக்குச் சோயா வர வேண்டும். சோற்றோடு கூடுதலாக வந்தால் கலோரிதான் ஏறும்.

நாம் மாவுச்சத்தில் மூழ்கிக் கிடக்கிறோம் என்பது புதிய செய்தியும் அல்ல. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2025இல் சொன்னது. நம் ஊர்க் காலை இட்லி, மதியச் சோறு, இரவு தோசையைப் பார்க்கிற எனக்கு அந்த எண்ணில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மாற்று எளிது. முட்டை, மீன், கோழி என்று சொல்லிவிடலாம். சைவர்கள் "பருப்பு நிறைய சாப்பிடுறோமே" என்பார்கள். வேகவைக்காத 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, மாவுச்சத்தும் 55 கிராமுக்கு மேல். கொண்டைக்கடலையும் ஏறக்குறைய அதே ரகம். சோயா பீன்ஸ் மட்டும் வேறு ஜாதி. வேகவைத்த 100 கிராமில் புரதம் 17 கிராம், மாவுச்சத்து பத்துக்குள், அதிலும் 6 கிராம் நார்ச்சத்து. புரதத்தின் தரமும் பால், முட்டைக்கு அருகில் வரும். நான் சைவர்களுக்குச் சோயாவை எழுதிக் கொடுப்பது இதற்காகத்தான்.

எழுதிக் கொடுப்பதிலும் ஒரு முறை கோட்டை விட்டேன். ஒரு பெண்ணின் உணவு அட்டவணையில் 'மீல் மேக்கர் 50 கிராம்' என்று எழுதினேன். காய்ந்ததா, ஊறியதா என்று எழுதவில்லை. அவர் ஊறவைத்துப் பிழிந்து 50 கிராம் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். பாக்கெட்டில் 100 கிராமுக்குப் புரதம் 52 கிராம் என்று போட்டிருப்பது காய்ந்த எடைக்கு. ஊறினால் தண்ணீரைக் குடித்து மூன்று மடங்காகிவிடும். அவருக்குக் கிடைத்தது ஒன்பது கிராம்கூட இல்லை. நாலு மணிக்கெல்லாம் பசித்து முறுக்கு டப்பாவைத் திறந்தார் என்றால் தப்பு அவர் மேல் இல்லை. இப்போது 'காய்ந்த மீல் மேக்கர் 30 கிராம்' என்று எழுதி, அடிக்கோடும் போடுகிறேன். அதில் புரதம் 15 கிராம், மாவுச்சத்து 10, நார்ச்சத்து 4, கலோரி நூறு. ஒரு வேளைக்குப் போதும்.

சமைக்கிற விதமும் முக்கியம். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பிழியுங்கள். நுரைத்துக்கொண்டு மஞ்சளாகத் தண்ணீர் வரும். இன்னும் இரண்டு முறை அலசிப் பிழிந்தால் சோயா வாடை போய்விடும். அப்புறம் சின்ன வெங்காயம், சோம்பு, பூண்டு, மிளகு, கறிவேப்பிலை, இரண்டு டீஸ்பூன் எண்ணெய், சுக்கா மாதிரி சுருள வதக்கினால் போதும். இதையே 'மீல் மேக்கர் 65' ஆக்கினால் கதை மாறிவிடும். மைதாவும் சோளமாவும் மேலே ஒட்டும், உள்ளே பஞ்சு மாதிரி எண்ணெயை இழுக்கும். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவில் செய்வதால்தான் 100 கிராம் மீல் மேக்கரில் கொழுப்பு அரை கிராம் அளவுக்கே இருக்கிறது. அந்த எண்ணெயைத் திரும்ப உள்ளே ஏற்றிவிடுகிறோம்!

கோதுமை மாவில் சோயா மாவு கலப்பதும் இப்போது பரவலாகிவிட்டது. ஒரு கிலோவுக்கு 100 கிராம் கலந்தால், 30 கிராம் மாவில் இட்ட சப்பாத்தியில் 21 கிராம் இருந்த மாவுச்சத்து 20 ஆகும். புரதம் கொஞ்சம் கூடும், நல்லதுதான். ஆனால் 'சோயா சப்பாத்திதானே' என்று நாலு சாப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

சோயா பால் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியைப் பாருங்கள். பாதாம், சாக்லேட் சுவை போட்ட சில 200 மில்லி டப்பாக்களில் மூன்று, நாலு டீஸ்பூன் சர்க்கரை இருக்கும். இனிப்பில்லாததுதான் வேண்டும். டோஃபு எனக்குப் பிடித்தது. 100 கிராமில் மாவுச்சத்து மூன்று கிராம்தான், கலோரியும் பன்னீரில் ஏறக்குறைய பாதி. உதிர்த்து, மிளகுத்தூள் தூவி முட்டைப் பொடிமாஸ் மாதிரி செய்தால் காலையில் ஒரு தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். ஒரு தோசைக்கு என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் செலவு கம்மி, நம் நாக்குக்கும் பழக்கம் என்று பார்த்தால் சுண்டல்தான். முழு சோயா பீன்ஸை ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக மசியும் பதம் வரை வேகவிடுங்கள். அரைவேக்காடு கூடாது. பச்சைச் சோயாவில் புரதம் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது, சூட்டில்தான் அது அடங்கும். முதல் வாரம் வயிறு உப்பும், வாயு வரும். கால் கப்பில் ஆரம்பித்தால் பழகிவிடும்.

"ஆம்பளைங்க சாப்பிடலாமா மேடம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாகச் சாப்பிடலாம். சோயாவால் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைவதில்லை என்று 2010இலும் 2021இலும் வந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள் சொல்லிவிட்டன. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள்தான் நேரத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரை உடம்பில் சேர்வதைச் சோயா குறைக்கும் என்பதால் நாலு மணி நேர இடைவெளி விட்டு, மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கிறவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவது இன்னும் ஆபத்து, ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்குப் புரத அளவே வேறு. இவர்கள் எல்லாரும் மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

கணக்கர் கேரியரை அன்றே மாற்றி அடுக்கினோம். கீழே 120 கிராம் சோறும் கீரையும், நடுவில் அவரைக்காய்ப் பொரியல், மேலே காய்ந்த கணக்கில் 30 கிராம் மீல் மேக்கர். உருளைக்கிழங்கு அவுட். மாவுச்சத்து ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்தது. மூன்று மாதத்தில் நாலு கிலோ இறங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் மீல் மேக்கர் பிரியாணியாம். எத்தனை கரண்டி என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த தேதியைக் கேட்டார்.