பிசுபிசுக்காத சன்ஸ்கிரீன்: அது ஏன் அவ்வளவு கஷ்டம்?

என் அலமாரியில் நான்கு சன்ஸ்கிரீன் டியூப்கள் முக்கால்வாசி அப்படியே கிடக்கின்றன. ஒன்று முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஆக்கியது. இன்னொன்றைப் பூசினால் பத்து நிமிஷத்தில் எண்ணெய் வழியும். மூன்றாவது வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிந்தது. நான்காவதைத் தேய்க்கத் தேய்க்க அழிரப்பர் தூள் போல உருண்டு உதிர்ந்தது. நான்கிலும் போட்டிருப்பது எஸ்.பி.எஃப் (வெயில் காப்பு எண்) 50தான். அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அது எப்படி வந்தது என்று தெரிந்தால், பூசப் பிடிக்காத சன்ஸ்கிரீன் ஏன் வேலைக்கு ஆகாது என்பதும் புரிந்துவிடும்.

ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்று அளந்து பூசுகிறார்கள். அதன்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, தோல் எப்போது சிவக்கிறது என்று பார்க்கிறார்கள். வெறும் தோலைவிட 50 மடங்கு கதிர் தேவைப்பட்டால் எஸ்.பி.எஃப் 50. அதாவது சிவக்க வைக்கும் கதிரில் 2 சதவீதம்தான் உள்ளே போகிறது. எல்லாம் சரி, அந்த 2 மில்லிகிராம்தான் சிக்கல். முகத்துக்கு மட்டுமே ஒரு கிராமுக்கு மேல் வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். வீட்டில் நாம் பூசுவது பெரும்பாலும் அதில் கால்வாசியிலிருந்து பாதி. பாதி பூசினால் காப்பும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும்.

அளவைவிட மோசம், திட்டுத் திட்டாகப் பூசுவது. தோல் கண்ணாடி போல வழவழப்பானது இல்லை, உழுத வயல் மாதிரி மேடும் பள்ளமும் கொண்டது. கிரீம் பள்ளத்தில் போய்த் தேங்கும், மேட்டில் மெலியும். ஒரு சின்னக் கணக்கு: முகத்தில் பத்தில் ஒரு பங்கு இடத்தில் கிரீம் படவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி இடத்தில் ஒரு துளி கதிர்கூட நுழையாவிட்டாலும், மொத்தக் கதிரில் 10 சதவீதம் அந்த இடைவெளி வழியே உள்ளே போய்விடும். அப்போது முகம் முழுவதற்கும் சேர்த்துக் காப்பு 10-ஐத் தாண்டாது, டியூப்பில் 50 என்று இருந்தாலும் 100 என்று இருந்தாலும். எனவே தாராளமாக எடுத்து, சுலபமாகப் பரப்ப முடிகிற கிரீம் என்பது சொகுசு விஷயமல்ல, காப்பே அதில்தான் இருக்கிறது.

சாம்பல் முகத்துக்குக் காரணம் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்ற இரண்டு தாதுப் பொடிகள். இவை வெயிலைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகின்றன என்று பலரும் எழுதுகிறார்கள், அது பெரும்பாலும் தவறு. புற ஊதாக் கதிரை இவையும் முக்கியமாக உறிஞ்சிக்கொள்ளத்தான் செய்கின்றன. இவை சிதறடிப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை. கண்ணாடியை நொறுக்கிப் பொடியாக்கினால் வெள்ளையாகத் தெரியும் அல்லவா, அதே கதைதான். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் தோலுக்கும் கிரீமுக்கும் 1.4 சொச்சம், ஜிங்க் ஆக்சைடுக்கு 2, டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.5-க்கும் மேல். இந்த இடைவெளி கூடக்கூட ஒளி அதிகமாகச் சிதறும், வெள்ளை பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் இது இன்னும் எடுப்பாக.

துகளை 100 நானோமீட்டருக்கும் கீழே அரைத்தால் வெள்ளை குறைகிறது. ஆனால் அவ்வளவு சிறிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டும். கட்டினால் பழைய வெள்ளையே திரும்பி வரும், காப்பிலும் ஓட்டை விழும். அதற்காகத்தான் துகளுக்குச் சிலிக்கா, சிலிக்கோன் என்று மேல்பூச்சு கொடுக்கிறார்கள். வேறொரு வழி, இரும்பு ஆக்சைடு சேர்த்துத் தோல் நிறத்துக்குக் கொண்டுவருவது. மங்கு உள்ளவர்களுக்கு இது கூடுதல் லாபம்: கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அவர்கள் தோலைக் கறுக்க வைக்கும், அதைத் தடுப்பதில் இரும்பு ஆக்சைடு கெட்டி.

எண்ணெய் வழிவது கரிம வடிகட்டிகளின், அதாவது புற ஊதாக் கதிரை உறிஞ்சும் கார்பன் சேர்மங்களின் குணம். இவற்றில் பல, எண்ணெயாகவே இருக்கும் திரவங்கள். அவோபென்சோன் போன்றவை திடப்பொருள். எண்ணெயில் கரைத்தே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் படிகமாகப் பிரிந்துவிடும். எஸ்.பி.எஃப் 50 எட்ட, மொத்தக் கிரீமில் ஐந்தில் ஒரு பங்கை வடிகட்டிகளே பிடித்துக்கொள்வதும் உண்டு. அவற்றைக் கரைக்கும் எண்ணெயையும் கூட்டிப் பாருங்கள். அத்தனையையும் போட்டுவிட்டு, பூசினதே தெரியக்கூடாது என்று கேட்கிறோம்! தயாரிப்பவர்கள் செய்யும் தந்திரங்கள் சில: பூசியதும் ஆவியாகிப் போகும் ஆல்கஹால் அல்லது லேசான சிலிக்கோன், மேல் எண்ணெயை உறிஞ்ச சிலிக்கா பொடி, தண்ணீரில் கரையும் வடிகட்டி. உண்மையான முன்னேற்றம் பெமோட்ரிசினால் போன்ற வடிகட்டிகளில். கொஞ்சமாகப் போட்டாலே நிறைய உறிஞ்சும், வெயிலில் சிதையாது, வெயில் பட்டால் சிதையும் சுபாவமுள்ள அவோபென்சோனையும் தாங்கிப் பிடிக்கும். ஆல்கஹால் அதிகமுள்ளது எண்ணெய்ப் பசைத் தோலுக்கு அருமை, வறண்ட தோலில் சுருக்கென்று எரியும்.

கண் எரிச்சலுக்குக் குற்றவாளி பெரும்பாலும் இதே கரிம வடிகட்டிகள்தான். வியர்வையிலும் தோலின் சூட்டிலும் எண்ணெய்ப் படலம் நகர்ந்து, நெற்றியிலிருந்து கண்ணுக்கு வந்து சேர்கிறது. கண்ணைச் சுற்றியும் புருவத்துக்கு மேலும் மட்டும் தாதுவகை சன்ஸ்கிரீனைத் தடவினால் தொல்லை தீரும்.

உருண்டு உதிர்வதற்கு மருந்து அதைவிடச் சுலபம். கிரீமில் உள்ள படலம் கட்டும் பாலிமர் பாதி காய்ந்த நிலையில் நாம் விடாமல் தேய்க்கிறோம், அது சுருண்டுகொள்கிறது. அடியில் பூசிய மாய்ஸ்சரைசர் காயட்டும், அப்புறம் சன்ஸ்கிரீனை இரண்டு தவணையாக, தேய்க்காமல் ஒற்றி எடுத்துப் பூசுங்கள்.

ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 1992-இல் 1,621 பேரை வைத்து ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு பாதியினர் தினமும் பூச வேண்டும், மறுபாதியினர் தங்கள் வழக்கப்படி இஷ்டம்போல். தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுநோய்க் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. தோல் முதுமையும் 24 சதவீதம் குறைவு என்று 2013-இல் வெளியிட்டார்கள். இவர்கள் பூசியது 50 அல்ல, 15 சொச்சம்தான். இதைப் படித்த பிறகுதான் டியூப்பில் உள்ள எண்ணைத் துரத்துவதை நான் விட்டேன்.

இப்போது கடையில் நான் பார்ப்பது இவ்வளவுதான்: எஸ்.பி.எஃப் குறைந்தது 30, அப்புறம் ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும் யூ.வி.ஏ என்ற புற ஊதாக் கதிர் வகைக்கான அடையாளம், அதாவது ஜப்பானில் தொடங்கிய பி.ஏ. கூட்டல் குறிகளோ வட்டத்துக்குள் இருக்கும் யூ.வி.ஏ எழுத்துகளோ. மீதியைத் தோல்தான் சொல்ல வேண்டும். சின்ன டியூப்பாக வாங்கி, பாதி முகத்துக்குத் தாடையோரம் வரை, அதற்கு வேண்டிய முழு அளவு பூசி, கால் மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். புறங்கையில் பொட்டு வைத்துப் பார்த்து ஏமாந்த கதைதான் அலமாரியில் கிடக்கும் அந்த நான்கும். ஐந்தாவது டியூப் அங்கே இல்லை. அது முகம் கழுவும் இடத்தில் இருக்கிறது. நேற்றுதான் கத்தரியால் அடியை வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததை வழித்துப் பூசினேன்.