ஸ்பெகுலேஷன்: ஊக வணிகம் என்றே சொல்லுவோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பங்குச் சந்தை பற்றி எங்கே பேச்சு வந்தாலும், மேடையில் பேசுகிறவரும் சரி, துண்டறிக்கையை மொழிபெயர்க்கிறவரும் சரி, விலை ஏறும் என்று கணித்து வாங்கி விற்கும் 'ஸ்பெகுலேஷன்' என்பதைச் 'சூதாட்டம்' ஆக்கிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இது தவறு.

மூலம் லத்தீன். 'ஸ்பெகுலாரி' என்றால் உயரத்தில் நின்று கவனித்தல். தமிழில் வழங்கும் 'ஊக வணிகம்' இதற்கு நெருக்கம். ஊகம் வடசொல் என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கும் தனித்தமிழில் பற்று உண்டு, ஆனால் பொருளைக் கெடுத்து அந்தப் பற்றைக் காட்ட வேண்டாம்.

சூது ஏன் பொருந்தாது? லாட்டரி விற்கும் நம்பர் கடையில் ஒரே எண்ணை ஊரே எடுத்தாலும் அது விழும் வாய்ப்பு கூடிவிடாது. பங்கில் வாங்குகிற கூட்டமே விலையை ஏற்றும், விற்கிற கூட்டமே இறக்கும். 2020-இல் கொரோனா வந்தபோது நம் நாட்டு ரப்பர் கையுறை நிறுவனங்களின் பங்குகள் மடமடவென ஏறின. கையுறைக்குத் தேவை கூடியது, லாபமும் பெருகியது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் நாளைக்கு இன்னொருவர் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்வார் என்று நம்பி வாங்கியவர்களும் இருந்தார்கள். 2021-இல் விலை சரிந்தது. இதில் பகடை எங்கே உருண்டது? எல்லாம் ஒருவரையொருவர் பார்த்து மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936-இலேயே இதைப் பிரித்துக் காட்டினார். ஒரு சொத்து அதன் ஆயுள் முழுவதும் என்ன ஈட்டும் என்று கணிப்பது தொழில்முயற்சி. சந்தையின் மனநிலையைக் கணிப்பது ஊகம். பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர் நிறுவனத்தின் லாபத்தையும், அதில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஈவுத்தொகையையும் பார்ப்பார். அடுத்த வாரமே விற்கப் போகிறவருக்கு, அடுத்தவர் என்ன விலை தருவார் என்பதுதான் கணக்கு. இப்படி ஊகம் செய்கிறவர்கள் பெருகினால், விலை நிறுவனத்தின் வருமானத்தை விட்டு வெகுதூரம் விலகிப் போய்விடும். அதே சமயம், நீண்ட காலம் வைத்திருந்தவர் அவசரத்துக்கு விற்கும்போது உடனே ஆள் கிடைப்பதற்கும் இந்த ஊக வணிகர்கள் ஒரு காரணம். 'சூதாட்டம்' என்று ஒட்டிவிட்டால் இதில் எதுவும் விளங்காது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளில் சிலர் பங்கு என்றாலே சூது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்று சம்பளத்தைக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

நம்மவர்களுக்குச் சொல்லாக்கம் புதிதா? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற ரப்பர் தோட்டங்களைச் சிலர் வாங்கிக் கூறுபோட்டு விற்று லாபம் பார்த்தார்கள். அதற்குத் 'தோட்டத் துண்டாடல்' என்று பெயர் வைத்தோம். என்ன நடந்ததோ அதுவே சொல்லில் நின்றது. அதற்கு மாற்றாகத்தான் இந்த ஊர்க்காரரும் அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வழி செய்தார். இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கவனத்தைக் கைவிட்டுவிட்டார்கள். கைக்கு வந்த சொல்லை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

'ஊக வணிகம்' என்று எழுதுங்கள். புரியாது என்று தோன்றினால், 'அடுத்து வாங்குகிறவர் தரப்போகும் விலையை நம்பி வாங்குவது' என்று கீழே ஒரு வரி சேருங்கள்.